புரட்டாசியில் யானை பார்க்கப் போனது

புரட்டாசி பிறந்தா எங்க வீட்டுல ரெண்டு விஷயம் நிக்கும். ஒண்ணு கறி. இன்னொண்ணு, என்னைப் பொண்ணு பாக்க ஆள் வர்றது. கறி நிக்கிறதுல அப்பாவுக்கு ரொம்ப வருத்தம். பேகம்பூர்ப் பக்கம் போக வேண்டியிருந்தா பிரியாணி வாசத்துக்குப் பயந்து வேற தெரு வழியா வண்டியைத் திருப்புவாரு. ரெண்டாவது நிக்கிறதுல எனக்கு அம்புட்டு சந்தோஷம். பெருமாள் மாசம், நல்ல காரியம் பேச மாட்டாக. ஜாதகத்தை எடுக்க மாட்டாக. தரகர் போன் அடிக்க மாட்டாரு. நான் திண்டுக்கல்ல ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். காலாண்டுப் பரீட்சை லீவும் அந்த மாசத்துலதான் வரும். வருசத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மாசம். அதையும் விட்டு வைக்கல எங்க வீட்டு ஆளுக.

வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா பழனி ரோட்டுல மோட்டார் பம்ப் கடை வச்சிருக்காரு. அம்மாவுக்கு வேலை வீடும், என் கல்யாணமும். இதுல வீட்டு வேலையை மத்தியானத்துக்குள்ள முடிச்சிரும்.

அந்த வருசம் வைகாசியில ஒரு கூட்டம் வந்துச்சு. வேன் போட்டு வந்தாக. நான் சேலையைக் கட்டிக்கிட்டு, கேசரியும் பஜ்ஜியும் வச்ச தட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னேன். மாப்பிள்ளையோட பெரியம்மாவாம், "செத்த அந்த ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டும்மா"ன்னுச்சு. நடந்தேன். "முடி எல்லாம் சொந்த முடிதான?"ன்னு கேட்டுக்கிட்டே சடையைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு. வலிச்சுது. எல்லாரும் சிரிச்சாக, நானும் சிரிச்சேன். அதுதான் எனக்கு இப்ப வரைக்கும் ஆறல, நான் எதுக்குச் சிரிச்சேன்? ரெண்டாவது காப்பியும் கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு, "போன்ல சொல்றோம்"னு போனவுகதான். போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவுக போன கையோட மிச்ச பஜ்ஜியை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போய் தெரு நாய்க்குப் போட்டேன். அந்த நாயாவது வாலை ஆட்டிட்டுத் தின்னுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அடுப்படியில வச்சு அப்பாகிட்டச் சொன்னேன். "எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லல. ஆனா யாருகிட்டயாவது என்னைக் காட்டணும்னா முதல்ல என்னைக் கேளுங்க. நான் சரின்னு சொன்னா வரட்டும். சந்தையில மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரி இனிமே என்னை யாரும் பாக்கக் கூடாது." சொல்லும்போதே அழுகை வந்துருச்சு. அப்பா கிட்ட வந்து என் உச்சந்தலையில உள்ளங்கையை வச்சாரு. "உன்னைக் கேக்காம இனி ஒரு ஈ காக்கா உன்னைப் பாக்க வராது. உன் தலைமேல சத்தியம்"னாரு. அம்மா பக்கத்துலதான் காப்பித் தம்ளரோட நின்னுச்சு. "அதான் அப்பா சத்தியமே பண்ணிட்டாருல்ல, மூஞ்சியக் கழுவிட்டு வந்து சாப்பிடு"ன்னுச்சு.

அந்தச் சத்தியம் எம்புட்டுப் பெருசுன்னு தெரிஞ்சுக்கணும்னா எங்க அப்பாவோட கடையைத் தெரியணும். உள்ள காயில் கம்பி கருகிப் போச்சு, பழசைப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னு குஜிலியம்பாறைப் பக்கத்துல இருந்து யாராவது மோட்டாரைத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்கு வருவாக. "ஒரிஜினல்தான்னு உங்க பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லுங்க பாப்போம்"பாக. அப்பாவுக்கு வரும் பாருங்க கோவம். "பொருள் வேணும்னா வேற எடுத்துட்டுப் போ. எம்பிள்ளை தலையை இழுக்காத"ன்னு விரட்டுவாரு. பொய்ச் சத்தியம் பண்ணினா, யாரு தலையில பண்ணினமோ அந்தத் தலைக்கு ஆகாதுன்னு அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பொருளே நட்டமானாலும் என் தலையைத் தொட மாட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் தானா கையை வச்சாரு. நான் கணக்கு டீச்சர், தலை வெடிக்கும்னு எல்லாம் நம்புற ஆளில்ல. ஆனா அப்பாவை நம்பினேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

புரட்டாசியில லீவு விட்ட அன்னைக்கு அப்பா கடையில இருந்து சீக்கிரமே வந்துட்டாரு. "காட்டுக்குப் போவோமா? முதுமலை, பந்திப்பூர், நாகர்ஹொளே. காரை எடுத்துட்டு ஒரு சுத்து"ன்னாரு. எனக்குக் காதை நம்ப முடியல. சின்ன வயசுல இருந்து அனத்திக்கிட்டு இருக்கேன், காட்டு யானையைக் காட்டுல வச்சுப் பாக்கணும்னு. பழனிக் கோயில் யானையைக் காட்டியே இத்தனை வருசம் ஓட்டிட்டாரு.

"நாம மட்டுமா?"

"ஒட்டன்சத்திரத்துல என் பிரெண்டு ஒருத்தர் இருக்காருல்ல, காய்கறிக் கமிசன் மண்டி. அவரு, அவரு சம்சாரம், பையன். அவுக தனிக் காருல வாராக."

பையன்னு சொன்ன உடனே நான் நிமிர்ந்து பாத்தேன். அப்பா என் மூஞ்சியைப் படிச்சிட்டாரு. "ஏம்மா, அப்படிப் பாக்குற? அவனுக்குப் பேசி முடிச்சாச்சு. தையில கல்யாணம். பொண்ணு திருப்பூரு"ன்னாரு. பொய்யில கூட ஊரு பேரைப் போட்டுச் சொன்னாரு பாருங்க. பொண்ணு திருப்பூராம்! இல்லாத பொண்ணுக்கு ஒரு ஊரு. போதாக்குறைக்கு அம்மா வேற, "நல்ல இடமாம், பனியன் கம்பெனி"ன்னு சேத்து விட்டுச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி அம்மா என் பையில சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒண்ணை மடிச்சு வச்சுச்சு, ரோஸ் கலர்ல. வாழை இலையில சுத்தி மல்லிகைப் பூ வேற.

"ஏம்மா, யானை பாக்கப் போறதுக்கு எதுக்கு மல்லிகைப் பூ?"

"காட்டுக்குள்ள போனா தலையை விரிச்சுப் போட்டுட்டா போவாக? எடுத்துட்டு வா, பேசாம."

நான் ரெண்டு சுடிதாரும் ஷூவும் எடுத்துக்கிட்டேன். சேலையை எடுத்துக் கட்டில்ல போட்டேன். கார்ல ஏறி உக்காந்து பாத்தா அம்மா மடியில அந்தச் சேலை இருக்கு.

ஒட்டன்சத்திரம் பைபாஸ்ல அவுக கார் நின்னுச்சு. அப்பாவோட பிரெண்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "வாங்க, வாங்க, பாப்பா நல்லாருக்கியா?"ன்னாரு. அவரு சம்சாரம் நல்ல நிறைஞ்ச மூஞ்சி. ஒரு பெரிய டிபன் கேரியரைக் கையில வச்சிருந்தாக. அம்மாவை விட வயசுல மூத்தவுகளாத் தெரிஞ்சதால நான் "வணக்கம் பெரியம்மா"ன்னேன். பின்னாடி இருந்து அம்மா என் இடுப்புல கிள்ளுச்சு. "அத்தைன்னு கூப்பிடு."

சரி, அத்தைன்னா அத்தை. ஒரு மரியாதைக்குக் கூப்பிடுறதுல என்ன இருக்குன்னு நினைச்சேன். பெரியம்மா மகன்னா அண்ணன், அத்தை மகன்னா முறைக்காரன்ங்கிறது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனா திருப்பூர்ல பொண்ணு பாத்து முடிச்சு வச்சிருக்கிற பையனுக்கும் எனக்கும் என்ன முறை வேண்டிக்கிடக்கு? கார்க் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்த அவுக மகனைப் பாத்து, "வணக்கம்ண்ணா"ன்னேன். துடைச்ச துணி அப்படியே நின்னுச்சு. "வணக்கங்க"ன்னு மெதுவாச் சொன்னாரு. அம்மா இன்னொரு தடவை கிள்ளுச்சு. இதுக்கு எதுக்குக் கிள்ளுதுன்னு எனக்கு விளங்கல.

தாராபுரம், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். நடுவுல ஒரு மரத்தடியில நிப்பாட்டி அத்தையோட கேரியரைத் திறந்தா புளியோதரை, சப்பாத்தி, தொட்டுக்கிற வெஞ்சனமா தக்காளித் தொக்கு. தொக்கு அப்படி ஒரு ருசி. சப்பாத்தியே இல்லாம வழிச்சுத் தின்னேன். அத்தை என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக.

"ஏங் கண்ணு, ஸ்கூலு முடிஞ்சு ஊட்டுக்கு வந்தா சமையலும் பண்ணுவியா?"

"சுடுதண்ணி வைப்பேன் அத்தை. அதுவும் சில நாள் அடி பிடிச்சிரும்."

எல்லாரும் சிரிச்சாக. அந்த அண்ணா கூட. அம்மா மட்டும் சிரிக்கல. "சும்மா சொல்றா மதினி, சாம்பார் எல்லாம் அருமையா வைப்பா"ன்னுச்சு. நான் சாம்பார் வச்சு அம்மா எப்பச் சாப்பிட்டுச்சுன்னு யோசிச்சுக்கிட்டே அடுத்த சப்பாத்தியை எடுத்தேன். சாப்பிட்டு முடிச்சு அத்தை எங்க காருலயே ஏறிக்கிட்டாக, வழி நெடுக அவுக கேட்ட கேள்விக்கு எல்லாம் நான் பதில் சொன்னேன். காலையில எப்ப எந்திரிப்பேன், கோவம் வருமா, ராத்திரி போன் பாப்பேனா, வேலையை விடச் சொன்னா விடுவேனா. மனசுல பட்டதைச் சொன்னேன். விட மாட்டேன், வேலை எனக்குச் சோறு மாதிரின்னேன். எங்க வீட்டுல யாரும் என்னை இம்புட்டு அக்கறையாக் கேட்டதில்ல. இந்தப் பொம்பளைக்கு மருமகளா வரப் போற திருப்பூர்க்காரி குடுத்து வச்சவன்னு நினைச்சேன். நினைச்சதோட விட்டேனா, அத்தைகிட்டயே சொன்னேன். அவுக ஒரு மாதிரி முழிச்சு, அப்புறம் என் கன்னத்தைத் தட்டிச் சிரிச்சாக.

கூடலூர் இறங்கி முதுமலைக்குள்ள போறப்ப மழை விட்டிருந்துச்சு. பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்னு புரட்டாசியைச் சொல்லுவாக. காலையில சுட்டெரிச்ச வெயிலு, சாயங்காலம் கொட்டித் தீத்துருச்சு. மறுநாள் வனத்துறை வேன்ல காட்டைச் சுத்தக் கூட்டிட்டுப் போனாக. மானு, மயிலு, தூரத்துல காட்டெருமை. புலி வர்ற இடம்னு ஒரு இடத்துல வேனை நிப்பாட்டினாக, எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டுப் புல்லையே பாத்தோம். புல்லுதான் இருந்துச்சு. அம்மா என்னைத் தள்ளித் தள்ளி அந்த அண்ணா பக்கத்து சீட்டுல உக்கார வச்சிருச்சு. ஜன்னல் ஓரம்னு நானும் சந்தோசமா உக்காந்தேன்.

"அண்ணி போட்டோ இருந்தாக் காட்டுங்கண்ணா"ன்னேன்.

"அண்ணியா?"ன்னு கேட்டு அவரு மூஞ்சி செவந்து போச்சு. சிரிச்சாரு. அந்தப் பக்கத்து ஜன்னலைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு.

"ரொம்பத்தான் வெக்கப்படுறீங்க. அவங்களுக்கு யானை பிடிக்குமா?"

"தெரியலைங்க"ன்னு என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னாரு. "பிடிக்கும்னுதான் நினைக்கிறேன்."

நல்ல மனுசன், சங்கோஜக்காரர்னு நினைச்சுக்கிட்டேன். நான் கேலி பண்றதா அவரு நினைச்சிருக்காரு. அவருகிட்ட எனக்கு எல்லாம் தெரியும்னு எங்க வீட்டுல சொல்லி வச்சிருந்தாக. அது எனக்குத் தெரியாது. ரெண்டு பேரையும் ஒரே சீட்டுல உக்கார வச்சு, ரெண்டு பேருக்கும் வேற வேற கதை சொல்லி வச்சிருந்தாக.

இனி சொல்றதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கு. ஆனா அப்பா என்னை ஊருக்குப் பக்கத்துல தாடிக்கொம்பு வரைக்கும்தான் ஓட்ட விடுவாரு. அதைத் தாண்டினா, "நகரு, லாரி வரும்"னு வாங்கிக்கிருவாரு. நீள ரோட்டுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவைன்னு எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கேன். முதுமலைத் தெப்பக்காட்டுல இருந்து பந்திப்பூர் கிளம்புற காலையில, நான் கேக்காமலே சாவியை நீட்டினாரு. "இந்தா. காட்டு ரோட்டை நீதான் ஓட்டுற."

நான் சீட்டை முன்னுக்கு இழுத்துப் போட்டு உக்காந்தேன். ரெண்டு பக்கமும் காடு, நடுவுல ஈர ரோடு, அங்கங்க வேகத்தடை. ஹாரன் அடிக்கக் கூடாது, நிப்பாட்டக் கூடாதுன்னு போர்டு. மெதுவா ஓட்டினேன். அவுக கார் பின்னாடியே வந்துச்சு. ஒரு வளைவு திரும்பினா, ரோட்டு நடுவுல யானை. கூட ஒரு குட்டி. அம்மா "பெருமாளே"ன்னுச்சு. நான் தூரத்துலயே பிரேக்கை மிதிச்சு நின்னுட்டேன். "யாரும் சத்தம் போடாதீங்க"ன்னேன். அந்த யானை காதை ஆட்டிக்கிட்டு எங்களையே பாத்துச்சு. குட்டி அதோட காலுக்கு நடுவுல போய் நின்னுக்கிட்டு, துதிக்கையை எப்படி வச்சுக்கிறதுன்னு தெரியாம இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுச்சு. அப்புறம் ரெண்டும் ரோட்டைக் கடந்து உள்ள போச்சு. எம்புட்டு நேரம்னு தெரியல. நான் மூச்சு விட்டப்பதான் பக்கத்து சீட்டுல இருந்த அப்பா கையை என் தலைமேல வச்சாரு. "பதறாம நின்ன பாரு. நீதாம்மா எம்பிள்ளை"ன்னாரு.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அம்புட்டுப் பெருமையா அப்பா என்கிட்டப் பேசினதே இல்ல. நான் கண்ணைத் துடைச்சிட்டு வண்டியை எடுத்தேன். குண்டலுப்பேட்டை வர்ற வரைக்கும் பாடிக்கிட்டே ஓட்டினேன்.

அங்க ரோட்டோரமா செண்டுமல்லித் தோட்டம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் மஞ்சளா கிடந்துச்சு. அம்மா அந்தச் சுங்குடியைக் கட்டினாத்தான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. சந்தோசத்துல இருந்தேன், சரின்னு ஒரு டீக்கடை வீட்டுல போய்க் கட்டிட்டு வந்தேன். அத்தை கூட நின்னு போட்டோ எடுத்தாக. வாழை இலையைப் பிரிச்சு, வதங்கியிருந்த மல்லிகைப் பூவை அத்தையே என் தலையில வச்சு விட்டாக. பாசக்காரப் பொம்பளைன்னு நினைச்சேன். நாகர்ஹொளேயில பேய் மழை, ஒண்ணையும் பாக்கல. அட்டைதான் கடிச்சுது. அதுக்கும் சிரிச்சோம். திம்பம் மலை இறங்கி, சத்தியமங்கலம் வழியா ஊரு வந்து சேந்தோம். வந்த மறுநாள் டீச்சருக எல்லாருக்கும் போன் போட்டு, எங்க அப்பா மாதிரி யாருக்கும் அப்பா கிடையாதுடின்னு சொன்னேன். எத்தனை பேருகிட்டச் சொன்னேனோ!

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். அம்மா வீட்டுல பெருமாளுக்குத் தளிகைப் படையல் போடுறதுக்காக நின்னுருச்சு, நான் மட்டும் ஸ்கூட்டியில. சரியான கூட்டம். வரிசையில துளசி மாலையோட நிக்கிறப்ப சின்னாளப்பட்டிப் பெரியம்மா பாத்துட்டு வந்தாக. அம்மாவோட கூடப் பிறந்த அக்கா. வந்ததும் என் தாடையைத் தடவி, "விடு கண்ணு, மனசைப் போட்டு உழப்பிக்காத. ஐப்பசி பிறக்கட்டும், இதை விட நல்ல இடமா வரும்"னாக.

"எந்த இடம் பெரியம்மா?"

"அதான், உங்க கூட டூர் வந்தாகளே, அந்த ஒட்டன்சத்திரத்துப் பையன். அவுக வேண்டாம்னுட்டாக, அதுக்காக நீ..." என் மூஞ்சியைப் பாத்ததும் நிப்பாட்டிட்டாக. "ஆத்தாடி, உனக்குத் தெரியாதா?"

அந்தப் பையனுக்குத் திருப்பூர்ல முடிஞ்சிருச்சேன்னு நான் கேட்டேன். எனக்கே என் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி கேட்டுச்சு. பெரியம்மா இனி மறைச்சு என்னன்னு எல்லாத்தையும் சொல்லிட்டாக. திருப்பூரும் இல்ல, பனியன் கம்பெனியும் இல்ல. ஆவணியிலயே ஜாதகம் பாத்துப் பொருந்திருச்சாம். பொண்ணு இயல்பா எப்படி இருக்கான்னு கூடவே இருந்து பாக்கணும்னு அவுக கேட்டாகளாம். பொண்ணுக்கும் தெரியும், சம்மதம்தான்னு அப்பா சொன்னாராம். "ஆனா நீ அந்தப் பையனை வாய் நிறைய அண்ணா அண்ணான்னு கூப்பிட்டியாமே கண்ணு. அவனைக் கண்ணெதிர்க்க வச்சுக்கிட்டே அண்ணி எங்கன்னு வேற கேட்டியாம். பொண்ணுக்கு இஷ்டமில்லைங்க, அதைத்தான் நாசூக்காச் சொல்லுதுங்க, தெரிஞ்சே எப்படிங்க கட்டுறதுன்னு சொல்லிட்டாகளாம்."

சுத்தி எல்லாரும் கோவிந்தா கோவிந்தான்னு கத்துறாக. சன்னதியில நின்னப்ப பெருமாளைப் பாக்கவும் பிடிக்கல. உன் மாசத்தை நம்பித்தான நான் காருல ஏறினேன்னு மட்டும் மனசுக்குள்ள கேட்டேன். திரும்பி வர்ற வழி பூரா ஒண்ணு மாத்தி ஒண்ணா ஞாபகம் வருது. அத்தை கேட்ட ஒவ்வொரு கேள்வியும். தொக்கை வழிச்சுத் தின்னதை அவுக பாத்த பார்வை. சேலை, பூ, ஜன்னல் சீட்டு. நான் வகுப்புல ஒரு சின்ன டெஸ்ட் வச்சாக்கூட முதல் நாளே பிள்ளைககிட்டச் சொல்லிட்டுத்தான் வைப்பேன். என்னைச் சொல்லாம கொள்ளாம நாள் கணக்குல பரீட்சையில உக்கார வச்சு, பெயிலும் ஆக்கி, பெயிலானதையும் சொல்லாம விட்டுருக்காக. வைகாசியில வந்தவளாவது மூஞ்சிக்கு நேரா சடையை இழுத்தா.

வீட்டுக்குள்ள போனப்ப அப்பா தரையில உக்காந்து இலையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. அம்மா வடை வச்சுச்சு. நான் செருப்பைக் கூடக் கழட்டல.

"திருப்பூர்ப் பொண்ணுக்குத் தையில எத்தனாம் தேதி கல்யாணம்ப்பா?"

அப்பா கை இலையிலயே நின்னுச்சு. அம்மாதான் முந்திக்கிட்டு, "யாரு சொன்னா? சின்னாளப்பட்டிக்காரி வாயில எதுவும் தங்காதே!"ன்னுச்சு. பொய் சொன்னவுக மேல இல்ல, உண்மையைச் சொன்ன பெரியம்மா மேல கோவம்.

"என் தலையில கை வச்சு என்னப்பா சொன்னீங்க?"

"வாக்கு மீறலம்மா நான்"னாரு அப்பா. நிசமாவே நம்பித்தான் சொல்றாரு. "பொண்ணு பாக்குறதுன்னா ஜமுக்காளம் விரிச்சு, பஜ்ஜி போட்டு, சேலை கட்டி... அப்படியா பண்ணினோம்? சும்மா டூர்தான போனோம்? புரட்டாசியில யாராவது பொண்ணு பாப்பாகளா?"

புரட்டாசிங்கிற என் கேடயத்தையே புடுங்கி என் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள அம்மா பிடிச்சுக்கிச்சு. "தங்கமான இடம், கை நழுவிப் போச்சு. உன்னை யாரு அவரை அண்ணான்னு கூப்பிடச் சொன்னா? நான் கிள்ளிக் கிள்ளிச் சொல்றேன், அத்தைன்னு கூப்பிடு, அத்தைன்னு கூப்பிடுன்னு!"

"அத்தைன்னுதான கூப்பிட்டேன்!"

"அத்தை மகனை அண்ணாங்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!"

வேற நாளா இருந்தா நானே சிரிச்சிருப்பேன். ஏமாத்தினது அவுக, தோத்தது என் தப்பு. அப்பா என்னைச் சமாதானப்படுத்துறதா நினைச்சுக்கிட்டு, "விடு, மத்தது எல்லாம் அவுகளுக்குப் பிடிச்சிருந்துச்சு. பையன் கார் ஓட்டத் தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்னு சொல்லியிருந்தான். அதான் காட்டு ரோட்டுல சாவியை உன்கிட்டக் குடுத்தேன். பின்னாடி இருந்து பாத்துட்டு, நல்லா ஓட்டுதுன்னானாம்"னாரு.

மத்தது எல்லாம் போகட்டும்னு வச்சிருந்தேன். அந்த ஒரு காலையை மட்டும் தனியா எடுத்து வச்சிருந்தேன்.

"அப்ப அந்த யானை நின்னப்ப..."ன்னு ஆரம்பிச்சேன். முடிக்க முடியல.

"எந்த யானை?"ன்னாரு அப்பா.

நான் சுவத்தோட சாஞ்சு கீழ உக்காந்துட்டேன். சத்தம் போட்டு அழுதேன், வெக்கத்தை விட்டு. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேக்கட்டும். அப்பா இலையை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. அவரு கண்ணும் கலங்கிருச்சு, அதை நான் இல்லன்னு சொல்லல. "தப்புதாம்மா. தப்புதான். வயசு போகுதேன்னு பயந்துட்டோம். இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்"னாரு. அம்மாவும், "அதான் அப்பா சொல்றாருல்ல, எந்திரி. வேணும்னா இன்னொரு தடவை சத்தியம் பண்றாரு. பண்ணுங்க"ன்னுச்சு.

அப்பா கையைக் கழுவிட்டு, வேட்டியில துடைச்சிட்டு வந்தாரு. குனிஞ்சு என் தலைக்கு நேரா கையைக் கொண்டு வந்தாரு. நான் அந்தக் கையைப் பாதியிலயே பிடிச்சுக்கிட்டேன்.

"என் தலை வேண்டாம்ப்பா. உங்க தலையில வச்சுச் சொல்லுங்க."

நான் விடல. அவரு கையை அவரு தலைப் பக்கமாவே திருப்பினேன். முரண்டு பிடிக்காம அவரும் தூக்கத்தான் செஞ்சாரு. கை காது வரைக்கும் போயிருக்கும், அம்மா வடைத் தட்டைக் கீழ போட்டுட்டு ஓடி வந்து ரெண்டு கையாலயும் அவரு மணிக்கட்டைப் பிடிச்சுக்கிச்சு.

"ஐயையோ, அவரு தலையில வேண்டாம்டி! வாக்குத் தவறி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

வைகாசியில என் தலையில இதே கை இறங்கினப்ப அம்மா பக்கத்துலதான் நின்னுச்சு. காப்பித் தம்ளர்தான் கையில இருந்துச்சு, கீழ வச்சிட்டு வந்து தடுத்திருக்கலாம்.